காணாமல் போன வெள்ளிக்கிழமை

மைசூர் அக்ரஹாரத்தில் வெள்ளி காலை ஐந்தரை மணி. அப்போது பசிபிக் தீவு நாடான சமோவாவில் வெள்ளி பிற்பகல் 1 மணி. கிழக்கே நூற்றுச் சொச்சம் கி.மீ.யில் உள்ள அமெரிக்க சமோவாவிலும் 1 மணிதான். ஆனால் கிழமை வியாழன்!

கிழக்கே போனால் 15 டிகிரிக்கு ஒரு மணி கூடும், மேற்கே குறையும். இரு கணக்கும் சந்திக்கும் இடத்தில் ஒரு நாள் இடிக்கும். அந்த இடம்தான் தேதிக் கோடு. ஆளரவம் குறைந்த பசிபிக்கில், ஏறக்குறைய 180 டிகிரியில் ஓடுகிறது. வளைப்பது அந்தந்த நாட்டின் இஷ்டம்.

1892-ல் அமெரிக்க வியாபாரத்துக்காக ஜூலை 4-ஐ இருமுறை வைத்துக்கொண்டது சமோவா. பிறகு வியாபாரம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் திரும்பியது. அங்கே திங்கள் என்றால் இங்கே ஞாயிறு!

அக்ரஹாரத்துப் பஞ்சாங்கத்தில் திதி க்ஷயமாவதுண்டு, கிழமை ஆவதில்லை. சமோவாவில் ஆனது: 2011 டிசம்பர் 29, வியாழன் இரவு தூங்கியவர்கள் 31, சனியன்று விழித்தார்கள். வராத வெள்ளிக்கும் ஊழியர்களுக்குச் சம்பளம் உண்டு.