கொடையும் பிடியும்

செல்வக் குடும்பங்கள் தம் பொருளில் ஒரு கூற்றை அறக்கட்டளையாக நிறுத்திக் கல்வியும் கலையும் வளர்ப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. கோயிலுக்கு நிலம் விட்ட முன்னோர் வழியிலேயே, செட்டிநாட்டரசர் அண்ணாமலையார் தம் கல்லூரிகளையும் 20 இலக்கம் உருபாவையும் ஈந்து, 1929-இல் தில்லையில் பல்கலைக்கழகம் கண்டார். தெலுங்கும் வடமொழியுமே இசைமேடையை ஆண்ட நாளில், 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவினார். ('சங்கம்' வடசொல் என்பதை இப்போதைக்கு விடுவோம்.) தேவாரப் பண்களின் உருவைத் தெளிய அறிஞரும் ஓதுவாரும் அங்கே ஒருங்கமர்ந்து ஆய்ந்தனர். அக்கொடை இல்லையேல் தமிழிசைக்கு மேடை ஏது? நன்றி மறத்தல் நமக்கு அழகன்று.

ஆயினும், கொடுத்த கை பிடியைத் தளர்த்தவில்லை. இணைவேந்தர் பொறுப்பு அக்குடும்பத்தின் வழிவழி உரிமையாயிற்று. 1956-இல் மொழிஞாயிறு பாவாணரை அமர்த்திய அதே பல்கலைக்கழகத்தினின்று 1961-இல் அவர் வெளியேற நேர்ந்தது. அவர் நெஞ்சில் சுமந்த சொற்பிறப்பியல் அகரமுதலிக்கு 1974-இல் அரசே தனி இயக்ககம் அமைக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட அப்பதின்மூன்று ஆண்டுகளை நமக்கு யார் மீட்டுத் தருவார்? இறுதியில் பொருள்முடை முற்றி, 2013-இல் தனிச்சட்டத்தால் பல்கலைக்கழகமே அரசின் கைக்குச் சென்றது.

இன்று அறக்கட்டளை அமைக்கும் தமிழ்ச்செல்வர்க்கு ஒன்று சொல்வோம்: ஆவணத்திலேயே தமிழாய்வுக்கு மாறாத வைப்பு ஒதுக்குக; ஆட்சிக்குழுவில் குடும்பத்தார்க்கு இணையாகப் புலவரையும் அமர்த்துக; ஆண்டுதோறும் கணக்கைத் தமிழிலேயே வெளியிடுக.