ஆவரசம்பூவும் அம்மம்மாவின் குளுசையும்

நெடுந்தீவில் எங்கட அம்மம்மாமாரிட்ட 'சீனி எப்பிடி?' எண்டு கேட்டால், குளுசைக்கு முதல் ஆவரசம்பூ அவிச்ச தண்ணியைத்தான் சொல்லுவினம். காத்துக் காலத்தில் குறிகாட்டுவானுக்குப் படகு ஓடாமல் யாழ்ப்பாணத்துக் கிளினிக் தவறினால், அந்தத் தண்ணிதான் மருந்து.

நாங்கள் கேலி செய்ய வரேல்லை. மெற்போமின் குளுசையே ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் இருந்த கலேகா என்ற செடியின் வேதிப்பொருளைத் தொடர்ந்து போன ஆராய்ச்சியில் வந்ததுதான். 1957இல் மனிதரில் சோதித்த முடிவு வெளிவந்தது.

ஆவரசையும் சோதித்திருக்கிறார்கள், எலிகளில். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வு 2002இல் வந்தது. பூச்சாறு குடித்த எலிகளுக்குச் சீனி இறங்கியது. ஆனால் அம்மம்மா எலி இல்லையே!

மனிதரில் எப்படிச் சோதிப்பது என்பதற்கு எங்கட நாட்டிலேயே உதாரணம் இருக்கு. 'கொத்தலா ஹிம்புட்டு' என்று சிங்களத்தில் சொல்லும் மூலிகையின் தேநீரை 51 நோயாளருக்குக் கொடுத்தார்கள். மூன்று மாதம் அது, மூன்று மாதம் மூலிகை இல்லாத போலி. எது எது எண்டு குடித்தவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 2005இல் வெளிவந்த முடிவு: கடந்த மாதங்களின் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, மூலிகையோடு 6.29, போலியோடு 6.65. வித்தியாசம் சின்னன்தான். ஆனாலும் ஊகம் இல்லை, அளந்து பார்த்தது.

ஆவரசுக்கும் இதைத்தான் கேக்கிறம். கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிறவையும் மருத்துவ பீடத்தவையும் ஒரே யாழ் பல்கலைக்கழகம்தானே. சேர்ந்து படகேறி வாங்கோ, பூ நாங்கள் பறிச்சுத் தாறம். அதுவரை அம்மம்மா, பூத்தண்ணி குடிக்கிறதைக் கிளினிக்கில் மறைக்காதையுங்கோ. குளுசையை நிப்பாட்டினால் மட்டும் சண்டை பிடிப்பம்.