நில ஈரங் காட்டும் கருவி: நீடித்து உழைப்பது எது?

குண்டடம் வட்டாரத்தில் மழை சொற்பம். கிணற்று நீரையும், முறைவைத்து வரும் பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் நீரையும் எண்ணிச் செலவிட வேண்டியிருத்தலால், தண்ணீர் பாய்ச்சுங் காலத்தை அறிவிக்கும் கருவிகளைக் குடியானவர்கள் நாடுவது நியாயமே. ஆனால், மலிவென்று வாங்கிப் புதைத்த கருவி ஒரு போகங்கூட உழையாமற் போவதுண்டு. வாங்குமுன் இதன் காரணத்தை அறிதல் நலம்.

மலிவான கருவிகளில் இரண்டு உலோக முனைகள் மறைப்பின்றி மண்ணைத் தொட்டு நிற்கும். அவற்றினிடையே செல்லும் மின்சாரத்தைக் கொண்டு ஈரம் கணிக்கப்படுகிறது. மின்சாரம் இடைவிடாது பாய்ந்தால் முனைகள் விரைவில் அரிக்கப்படும். இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. உப்பு கலந்த நீரில் மின்சாரம் எளிதிற் செல்லுமாதலால், உவர்நீர் பாயும் தோட்டத்தில் மண் உலர்ந்துவரும்போதும் ஈரமிருப்பதாகவே கருவி காட்டும். அதனை நம்பியவர்க்கு வெங்காயம் வாடிய பின்னரே உண்மை விளங்கும்.

இவ்வுப்பின் தொல்லையைத் தணிக்க, முனைகளை ஜிப்ஸக் கட்டிக்குள் பதிக்கும் முறை 1940-ல் அமெரிக்காவிலுள்ள மிச்சிகனில் வெளியிடப்பட்டது. ஆயினும் ஜிப்ஸம் நாளடைவிற் கரைந்துபோவதால் கட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

'கெபாசிட்டிவ்' என வழங்கும் கருவியில் உலோகம் பூச்சினால் மூடப்பட்டிருத்தலால் மண்ணைத் தொடாது. ஆகவே அரிப்பு குறைவு. எனினும், விளிம்பிலும் கம்பி சேருமிடத்திலும் நீர் புகாதபடி அடைத்திருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மிகுந்த உவர் இதனையும் ஓரளவு பாதிக்கும். டென்சியோமீட்டருக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. வேர் நீரை இழுக்க எவ்வளவு வலிவு வேண்டுமென்பதை அது காட்டும். மண்ணின் உப்பு அதனைக் குழப்பாது. குழாயில் நீர் குறையாமல் நிரப்பி வருதல் மட்டும் அவசியம்.

கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிலையத்தார் அமைத்த ஈரங்காட்டி, கையில் எடுத்துச் சென்று மண்ணிற் குத்திப் பார்க்கும் வகையினது. நீல விளக்கு எரிந்தால் ஈரம் மிகுதி, பச்சை, போதியது, ஆரஞ்சு, குறைவு, சிவப்பு எரிந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். பார்த்தபின் துடைத்து வைப்பதால் உலோகம் மண்ணிற் கிடந்து அரிபடுவதில்லை.

ஆகவே, சில ஏக்கர் வைத்திருப்போர்க்குக் கையிற் கொண்டுசெல்லும் கருவியே சிக்கனமானது. சொட்டுநீர்க் குழாயுடன் நிலையாகப் புதைக்க விரும்புவோர் மூடிய உலோகக் கருவியையோ டென்சியோமீட்டரையோ கொள்க. கிணற்று நீர் உவர்ப்பாயின் டென்சியோமீட்டரே தக்கது. எதை வாங்கினும், பாய்ச்சிய மறுநாளிலும் மண் காய்ந்த வேளையிலும் அது காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, வேரடி மண்ணைக் கையால் உருட்டிப் பார்த்து ஒப்பிடுதல் வேண்டும். கையும் கருவியும் மாறுபடுமாயின், கருவியைச் சோதித்த பின்னரே அதன் சொற்படி நீர் பாய்ச்சுக.