அணைக்க வேண்டிய விளக்கு எது?

சிக்கனத்தைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்வது உபாத்தியாயர்களுக்குப் பிறவிக் குணம் போலும். நாமும் அதற்கு விலக்கல்ல. பள்ளிக்கூடத்தில் செய்வதோடு நில்லாமல் அந்தத் திருப்பணியை வீட்டிலும் தொடங்கி, கடைசியில் பெற்ற மகளிடம் தலை குனிந்த கதையை இவ்வாரம் சொல்லிவிடுவதென்று தீர்மானித்திருக்கிறோம். சொல்வதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நாலு குடும்பங்களுக்குப் பிரயோஜனமானால் நம் வெட்கம் பெரிதல்ல.

2022-ஆம் வருஷத்து மார்கழி மாதம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் இருக்கும் நம் மங்கலம்பேட்டையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரக் கணக்கு எடுப்பவர் வந்து போனார். இரண்டு மாதத்துக்கு 520 யூனிட். கட்ட வேண்டிய தொகை 2110 ரூபாய். சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் சம்சாரிக்கு இது சிறிய அதிர்ச்சியல்ல. அன்றிரவு பதினொரு மணிக்குப் பார்த்தால், பிளஸ் டூ படிக்கும் நம் மூத்த பெண் கூடத்து விளக்கடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "மின்சாரம் சும்மா வருகிறதா? விடிந்த பிறகு படிக்கலாம்" என்று சொல்லி விளக்கை அணைத்தோம். குழந்தை ஒரு வார்த்தை பேசவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நாம் ஹீட்டர் ராடை வாளியில் போட்டுவிட்டுப் பத்திரிகையில் ஆழ்ந்தோம். தண்ணீர் கொதித்து ஆவி பறந்த பிறகுதான் நினைவு வந்தது. இது அன்றைக்கு மட்டும் நடந்ததன்று, அன்றாட வழக்கம். குளித்துவிட்டு வந்தபோது மேஜை மேல் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. மகளின் கையெழுத்து. உபதேசம் ஒன்றுமில்லை, இரண்டே வரிக் கணக்கு.

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கூடத்து எல்.இ.டி. விளக்கு 9 வாட். இரவு ஐந்து மணி நேரம் வீதம் அறுபது நாள் எரிந்தால் 2.7 யூனிட். ஹீட்டர் ராடு 1500 வாட். தினம் ஒரு மணி நேரம் வீதம் அறுபது நாளுக்கு 90 யூனிட். விளக்கைப் போல முப்பத்து மூன்று பங்கு!

வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் நமக்கு இந்தக் கணக்கு ஏன் தோன்றவில்லை? விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, ஆகையால் குற்றவாளியாகிவிட்டது. வெந்நீர் கொல்லைப்புறத்தில் ஓசையின்றிக் காசைக் குடித்துக்கொண்டிருந்தது. அதோடு, விளக்கு குழந்தையுடையது, வெந்நீர் நம்முடையது. குடும்பங்களில் சிக்கனம் என்ற கத்தி பெரும்பாலும் எதிர்த்துப் பேசாதவர் மேல்தான் முதலில் பாய்கிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

அந்த வாரமே தற்செயலாக ஒருவர் வந்தார். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் பல வருஷம் சூளை ஏற்றியவர். தம் பையனின் படிப்பைப் பற்றிக் கேட்க வந்திருந்தார். பேச்சு மின்கட்டணத்தில் வந்து நின்றது. அவர் சிரித்துக்கொண்டே, "ஸார், வெளிச்சத்துக்கு ஆகிற செலவு கொஞ்சந்தான். சூட்டுக்குத்தான் காசு போகும். எங்கள் சூளையில் மூன்று விஷயம் பார்ப்போம். அரைச் சூளை ஏற்ற மாட்டோம்; நிறைந்த பிறகுதான் நெருப்பு. சந்து பொந்து இருந்தால் களிமண் வைத்து அடைத்துவிடுவோம். நெருப்பை நிறுத்தின பிறகும் உள்ளே சூடு வேலை செய்யும், அவசரப்பட்டுத் திறந்தால் சாமான் விரிசல் விடும்" என்றார்.

ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் சூளைக்குச் சொன்ன சாஸ்திரம் நம் வீட்டு அடுப்புக்கும் அட்சரம் பிசகாமல் பொருந்துவதைக் கண்டோம். நம் இல்லாளும் மகளும் நாமும் கூடி உட்கார்ந்து வீட்டை ஒரு சூளையாகப் பாவித்து ஆராய்ந்ததில் கிடைத்தவற்றை வாசகர்களுக்கும் தருகிறோம்.

முதலாவது, வெந்நீர். மொட்டை மாடியில் காலையில் கறுப்பு வர்ணமுள்ள வாளியில் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால் நம் பக்கத்து வெயில் மாலைக்குள் அதை வெதுவெதுப்பாக்கிவிடும். குளிர் பொறுக்கக்கூடியவர்கள் மாலைக் குளியலுக்கு மாறினோம். வயது முதிர்ந்த நம் தாயாருக்கு மட்டும் காலை வெந்நீர் உண்டு. அதில் ஒரு செம்பும் குறைக்கவில்லை. மூடியிட்ட பாத்திரத்தில் வேண்டிய அளவு தண்ணீர், வேண்டிய அளவு சூடு, அவ்வளவே. ராடு உபயோகிப்போர் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சிக்கனத்தைவிட உயிர் பெரிது.

இரண்டாவது, சமையல். அரிசியும் பருப்பும் தனித்தனியே ஏற்றாமல் ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரத்தில் வைப்பது நிறைந்த சூளை. பயறு, கடலை வகைகளை முந்திய இரவே ஊற வைத்தால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். கொதி வந்த பிறகு தீயைச் சிறிதாக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் பெருந்தீயால் மேலும் சூடேறுவதில்லை, ஆவியாகத்தான் போகிறது. ஜ்வாலை பாத்திரத்தின் அடியைவிட்டு வெளியே படர்ந்தால் அது அடுப்பங்கரையைச் சூடாக்குகிறதேயன்றிக் குழம்பை அன்று. மஞ்சள் நிறமாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டி. அது சூட்டை வெளியே தள்ளும் யந்திரம். சுவரோடு ஒட்டி வைத்தால் அந்தச் சூடு போக வழியில்லை. ஆறாத குழம்பை உள்ளே வைப்பதும் கூடாது. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். சூளைக்காரர் களிமண் வைத்து அடைத்த சந்து அதுதான்.

நான்காவது, மின்விசிறி. பழைய விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவில் போதும். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட் என்பது 18 ஆகும். ஆனால் அதன் விலை அதிகம். எல்லா அறைக்கும் ஒரேயடியாக வாங்குவது சிக்கனமாகாது. அதிக நேரம் ஓடும் ஒன்றை மட்டும் மாற்றினோம். 2023 ஜனவரி முதல் விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறி கட்டாயமாகிவிட்டதால் பார்த்து வாங்குவது எளிது. குளிர்சாதன அறை உள்ள வீடுகளில் 24 டிகிரியில் நிறுத்தி, மின்விசிறியைச் சிறிதாகச் சுழல விட்டால் போதும். ஒவ்வொரு டிகிரி உயர்த்துவதிலும் நூற்றுக்குச் சுமார் ஆறு பங்கு மிச்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

கடைசியாக, தண்ணீர் மோட்டார். தொட்டி நிரம்பி வழிவதைப் பக்கத்து வீட்டார் வந்து சொல்லும்வரை ஓட விடும் வழக்கத்தை நிறுத்தினோம். இதற்குப் பணம் வேண்டாம், ஞாபகம் வேண்டும்.

மின்கட்டணத்தில் இன்னொரு சூக்ஷ்மம் உண்டு. 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றவருக்கு முதல் நூறு இலவசம்; அடுத்த நூறு, யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு; 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு; அதன்மேல் 6 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியவருக்கோ இரண்டாவது நூறும் 4 ரூபாய் 50 காசாகிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். 500-க்கு 1725 ரூபாய். நமது 520-க்கு 2110. இருபது யூனிட்டுக்காக 385 ரூபாய் தண்டம்! 2024 ஜூலையில் விகிதங்கள் மீண்டும் ஏறின. ஆகவே ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வைப்பது நலம். நாளொன்றுக்கு எட்டு யூனிட்டைத் தாண்டாமலிருந்தால் ஐந்நூறுக்குள் நிற்கலாம். நம் வீட்டில் இந்த உத்தியோகம் மகளுக்கு அளிக்கப்பட்டது.

அடுத்த கணக்கில் 410 யூனிட் வந்தது. தொகை 1185 ரூபாய். மிச்சமான 925 ரூபாயில் பெரும் பங்கு வெந்நீரிலிருந்து வந்தது. கூடத்து விளக்கிலிருந்து ஒரு காசும் வரவில்லை. அது முன்னைவிட அதிக நேரமே எரிந்தது.

இதைப் பணக் கணக்கோடு நிறுத்திவிட மனம் வரவில்லை. நமக்கு அண்டை ஊர் நெய்வேலி. 1956-இல் அங்கே நிலக்கரிக் கழகம் தோன்றியது. 1962-இல் முதல் மின்சாரம் பிறந்தது. பழுப்பு நிலக்கரிக்காக அகழும்போது கிடைக்கும் களிமண்தான் விருத்தாசலத்தில் பொம்மையும் பீங்கான் சாமானுமாக உருவெடுக்கிறது. ஒரே பள்ளம் நமக்கு விளக்கும் தந்தது, தொழிலும் தந்தது. அந்தப் பள்ளம் வளர நிலமும் வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலுக்காக, நெற்பயிர் நின்ற வயலில் மண் வெட்டும் யந்திரங்கள் இறங்கின. நியாயம் யார் பக்கம் என்ற விவாதத்துக்கு இது இடமல்ல. ஆனால் பச்சைப் பயிர் மண்ணோடு புரண்டதைப் பார்த்தவர்கள், வாளியில் வீணாகக் கொதிக்கும் தண்ணீரை அதன்பின் அலட்சியமாகப் பார்க்க முடியாது. நாம் கட்டுவது பணம் மட்டுந்தான். அந்த யூனிட்டுக்கு வேறு விலை கொடுத்தவர்களும் நம் ஜில்லாவிலேயே இருக்கிறார்கள்.

ஆகையால் வாசகர்களே, சிக்கனம் செய்யப் புகுமுன் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எது எத்தனை வாட், எத்தனை மணி என்று எழுதிப் பாருங்கள். முதலில் சூட்டைக் கவனியுங்கள். பிறகு சுழலுவதைக் கவனியுங்கள். விளக்கின் முறை கடைசியில் வரட்டும். ஆளில்லாத அறையில் எரியும் விளக்கைத் தாராளமாக அணைக்கலாம். அடியில் ஒரு குழந்தை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால் மட்டும், தயவு செய்து, ஸ்விட்சின் மேல் கை வைக்க வேண்டாம்.