மௌனம் சம்மதமா?

பத்துப் பேரை வட்டமாக இருத்தி, இரண்டு மணி நேரம் பேசவைத்து, "மக்கள் இவ்வாறு கருதுகின்றனர்" என்று அறிக்கை எழுதும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. மாணவரும் எழுதுகின்றனர், நிதி பெறும் நிறுவனங்களும் எழுதுகின்றன. எந்த மக்கள், எவர் முன்னிலையில் பேசினர் என்பதைத்தான் பலர் எழுதுவதில்லை.

குழு நேர்காணலை நாம் வெறுப்பவரல்லர். ஒருத்தியின் சொல் இன்னொருத்தியின் நினைவைக் கிளறும். தனக்கு மட்டுமே நேர்ந்த துயரென்று ஒடுங்கியிருந்தவள், தன்போன்றோரைக் கண்டு வாய் திறப்பாள். தனி வினாத்தாள் இதைத் தராது. ஆயினும், 1941இல் வானொலி கேட்போரைக் குழுவாக இருத்தி வினவிய அமெரிக்க அறிஞர் றொபேட் மேட்டனே, 1987இல் எழுதியபோது, இம்முறை புதிய கருதுகோள்களுக்கு ஊற்றேயன்றி நிறுவப்பட்ட முடிவன்று என்றார். ஊற்றையே கடலென்று விற்பவர்களோடுதான் நமக்கு வழக்கு.

வாய் திறக்கச் செய்யும் அதே வட்டம் வாயை அடைக்கவும் வல்லது. 1951இல் சொலமன் ஆஷ் வெளியிட்ட சோதனையில் கேட்கப்பட்டது கோடுகளின் நீளம் மட்டுமே. உடனிருந்தோர் ஒருமித்துப் பிழை சொன்னபோது, சோதிக்கப்பட்டோரின் விடைகளில் ஏறக்குறைய மூன்றிலொன்று அப்பிழைக்கே சாய்ந்தது.

கோட்டுக்கே இக்கதியெனில், 1983 யூலைக்கு என்ன கதி? வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் தமிழர் வீடுகள் எரிந்த மாதம் அது. களுபோவிலயில் தமிழரையும் சிங்களவரையும் ஒரே வட்டத்தில் இருத்தி அதனை வினவினால், தமிழ் முதியவர் தம்மைக் காத்த அயலாரைப் பற்றிச் சொல்வார். அது பொய்யன்று, காத்தவர் பலர் இருந்தனர். எரிந்த வீட்டைப் பற்றி மட்டும் சொல்லமாட்டார். நாளையும் அதே ஒழுங்கையில் வாழவேண்டியவர் அவர். ஆய்வாளரோ "கசப்பு நீங்கிற்று" என்றெழுதிவிட்டு வாகனம் ஏறுவார். மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் வீட்டிற்கே ஒவ்வாத வழக்கு; ஆராய்ச்சிக்கு எங்ஙனம் ஒவ்வும்?

2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி பொதுக்கூட்டங்களோடு நின்றுவிடவில்லை. சிறு குழு உரையாடல்களும் எழுத்துமூலக் கூற்றுகளும் சேர, 7,306 சமர்ப்பணங்களைப் பெற்றது. கூட்டங்கள் கண்காணிக்கப்பட்டதையும் அதன் அறிக்கை மறைக்கவில்லை. நாம் கேட்பதும் இந்த நேர்மையையே. வட்டத்தைக் கூட்டியவர் யார், உடனிருந்த அதிகாரி யார், பேசாதிருந்தவர் எத்தனை பேர் என எழுதுங்கள். பேசாதவரிடம் மறுநாள் தனியே செல்லுங்கள். அவர் மொழி அறிந்தவராகச் செல்லுங்கள். இதற்கு நேரமில்லையெனில், "மக்கள் கருத்து" என்ற தலைப்பையாவது அடித்துவிடுங்கள்.