நோகாத தேமல்



அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது சுட்டால், நினைக்கும் முன்பே கையை இழுத்துக்கொள்கிறோம். தோலிலிருந்து புறப்பட்டு முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாண் வரை ஓடும் மெல்லிய நரம்பு நார்களே அந்தச் செய்தியைக் கொண்டு போகின்றன.

ஆயிரக்கணக்கான நார்களில் நோவைச் சுமப்பவை எவை? நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அவற்றைப் பிரித்தறிவது கடினம். இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி அழகானது. சில நோவு நார்களில் 'பி பொருள்' என்றொரு இரசாயனம் உண்டு. அது 1931இல் கண்டறியப்பட்டது. அதை முயலுக்கு ஊசியாக ஏற்றினால், முயலின் இரத்தம் அதை அந்நியனாக எண்ணிப் பிறபொருளெதிரியை உண்டாக்கும். அந்த எதிரியோடு ஒளிரும் சாயத்தை இணைத்து, முண்ணாணின் மெல்லிய சீவல்மீது ஊற்றிக் கழுவினால், பி பொருள் உள்ள நார்கள் மட்டும் ஒளிரும். சாயத்தை இணைக்கும் வித்தையை 1941இல் அமெரிக்கர் ஆல்பர்ட் கூன்ஸ் காட்டினார். 1975இல் சுவீடனின் தோமஸ் ஹொக்ஃபெல்ட் குழுவினர் இம்முறையால் உணர்வு நரம்புகளில் பி பொருளைக் கண்டனர்.

இது நமக்கெதற்கு என்பீர்கள். மட்டக்களப்பு வாவியில் இருக்கும் மாந்தீவை நினைத்துப் பாருங்கள். தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. தொழுநோய்க் கிருமி குடியேறுவது தோலிலும் நரம்பிலும். விரல்கள் தாமாக உதிர்வதில்லை. நோவு தெரியாததால் சுட்டும் வெட்டியும் புண்ணாகி அழிகின்றன.

1989இல் லண்டனில் ஜூலியா போலாக் குழுவினர் நூறு தொழுநோயாளரின் தோலை இதே பிறபொருளெதிரி முறையில் சோதித்தனர். ஆரம்ப நிலைத் தேமல்கள் சிலவற்றில் நரம்பு நார் இன்னும் தெரிந்தது. அதிலிருக்க வேண்டிய பி பொருள் போன்றவையோ காணப்படவில்லை. உருவம் கெடுமுன்பே நரம்பின் உள்ளிருப்பு குறையத் தொடங்கிவிடுகிறது!

வீட்டில் இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. வெளிறிய அல்லது சிவந்த தேமல், அரிப்பில்லை, வியர்வையில்லை என்றால், பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் அதைத் தொட்டுப் பாருங்கள். தொட்ட இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் தாமதிக்காதீர்கள். தொட்டது தெரிந்தாலும் தேமல் ஆறாவிட்டால் காட்டுவதே நல்லது.

கலியாணப் பேச்சு கெட்டுவிடுமென்று குமர்ப்பிள்ளையின் தேமலைத் தாவணியால் மறைக்கும் உம்மாமார் இன்றும் உண்டு. மறைத்து வைப்பதால்தான் கை மடங்குகிறது. இது பரம்பரை நோயல்ல. பெரும்பாலோருக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி உண்டு. சிகிச்சை தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றும் அபாயம் விரைவில் நீங்கிவிடும். 1983 முதல் நம் நாட்டில் கூட்டு மருந்து கொடுக்கப்படுகிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம், அதுவும் இலவசமாக. மருந்து கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை மீட்டுத் தராது. அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவுக்கு இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள்.