உல்லாசப் பயணிக்கு மோட்டார் சைக்கிள் விற்கும் சகோதரர்களுக்கு

எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை வீதிகளில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் தாமே மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் செலுத்திச் செல்வது இப்போது சாதாரண காட்சியாகிவிட்டது. முன்னர் ரயிலில் வந்திறங்கி, நிலையத்துக்கு வெளியே வேன் பிடித்து, ஒன்பது வளைவுப் பாலத்தையும் இராவணா நீர்வீழ்ச்சியையும் பார்த்துவிட்டுப் போவார்கள். 2024ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த 20 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகளுள் இளவயதினர் பலர் அப்படிப் பயணம் செய்ய விரும்புவதில்லை. அவர்களுக்குச் சொந்தமாக இரண்டு சில்லு வேண்டும்.

இதனால் எமது ஊருக்கு வருமானம் வருகிறது. அதை நான் குறைகூற வரவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகப் பண்டாரவளை நகரில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்தும் எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் வாடகைக்குக் கொடுப்பதற்கு அப்பால் இன்னொரு வியாபாரமும் இருக்கிறது. அதைப் பற்றி எமது வியாபாரிகள் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

இரண்டு மாதம் தங்க வரும் பயணி ஒருவர் கணக்குப் பார்க்கிறார். நாளொன்றுக்கு 2,500 ரூபா வாடகை என்று வைத்துக்கொண்டால் 60 நாளைக்கு 150,000 ரூபா. அதைவிட ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி ஓடிவிட்டு, போகும்போது அதே கடைக்காரருக்கோ அடுத்து வரும் பயணிக்கோ விற்றுவிட்டால் நட்டம் சொற்பம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். வாங்கிய விலைக்குக் கிட்டவே திருப்பி விற்கலாம் என்ற நம்பிக்கை அதிலிருந்தும் வந்தது. இது அவர்கள் இங்கு வந்து கற்றுக்கொண்ட வழக்கமல்ல. வியட்நாமில் ஹனோயில் வாங்கி ஹோ சி மின் நகரில் விற்பதும், டில்லி கரோல் பாக்கில் பழைய ரோயல் என்பீல்ட் வாங்கி இமயமலைப் பக்கம் போய்வருவதும் அவர்களிடையே நெடுங்காலமாக உள்ள பழக்கம்.

பணம் கைமாறுவதில் பிரச்சினை இல்லை. பத்திரம் கைமாறாததுதான் பிரச்சினை. நாம் எல்லோரும் அறிந்த ‘ஓபன் பேப்பர்’ முறையில்தான் இந்த விற்பனை நடக்கிறது. பதிவுப் புத்தகமும் கையொப்பமிட்ட உரிமை மாற்றப் படிவமும், வாங்குபவரின் பெயர் எழுதப்படாமலேயே கொடுக்கப்படுகின்றன. உள்ளூர் ஆளுக்கு இப்படி விற்றால் அவருடைய வீடாவது எமக்குத் தெரியும். பெரகலையிலோ வெலிமடையிலோ போய்ப் பிடித்துவிடலாம். வெளிநாட்டவரோ விசா முடிந்ததும் கட்டுநாயக்கவில் விமானம் ஏறிவிடுவார். வண்டி யார் கையில் இருந்தாலும் திணைக்களத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாகும். வாகனம் கைமாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்றும், வாங்கியவர் அதே காலத்துக்குள் தன் பெயரில் பதியக் கோர வேண்டும் என்றும் அது கூறுகிறது. இதை நாம் எவ்வளவு பின்பற்றுகிறோம் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

இந்தியாவில் நடந்த ஒரு வழக்கை இங்கு குறிப்பிடுவது பொருத்தம். 2007இல் ஒருவர் தன் காரை விற்றார். பதிவு மாற்றப்படவில்லை. அது மூன்று நான்கு கைகள் மாறி, 2009இல் விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போனது. நட்டஈடு கொடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி டில்லி உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் எவருடைய பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பாளி. கடைசியாக வாங்கியவரிடம் அறவிட்டுக்கொள்வது அவருடைய பாடு. பாதிக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே நீதிமன்றத்தின் நியாயம். அந்தத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் அந்த நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது. அது எமக்குப் பாதகமாக இருப்பதால் மட்டும் பிழையாகிவிடாது.

“காப்புறுதி இருக்கிறதே” என்பார்கள். அங்கேதான் பெரிய ஓட்டை. எமது மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பது சட்டத்துக்காக எடுக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதி. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழோடு அதையும் காட்ட வேண்டும் என்பதால் எடுக்கிறோம். பெயர் குறிப்பிட்ட ஓர் ஆளுடன், குறிப்பிட்ட பாவனைக்காகச் செய்யப்படும் ஒப்பந்தம் அது. சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு வாடகைக்குக் கொடுத்தால், அல்லது கம்பெனிக்கு அறிவிக்காமல் விற்றுவிட்டால், கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. வழக்கமான காப்புறுதியோ தகாபுலோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வண்டியை வெளிநாட்டவர் ஒருவர் ஓட்டலாமா, வாடகைக்கு ஓட்டலாமா? பதிலை வாய்மொழியாகப் பெறாமல் எழுத்தில் பெறுங்கள்.

அடுத்தது சாரதி அனுமதிப்பத்திரம். பயணி காட்டும் சர்வதேச அனுமதிப்பத்திரம் அவருடைய சொந்த நாட்டு லைசன்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரிதான். அவருடைய நாட்டில் கார் மட்டும் ஓட்ட அனுமதி இருந்தால், மோட்டார் சைக்கிளுக்குரிய ‘ஏ’ கட்டத்தில் முத்திரை இருக்காது. நாம் அட்டையைப் பார்க்கிறோமே தவிர அந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லை. அதிலும் 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவது ஒன்று, 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி வழங்கப்படுவது இன்னொன்று. இலங்கை சேர்ந்திருப்பது 1949இல்.

இங்கு வந்த பின் உள்ளூர் அங்கீகாரமும் பெற வேண்டும். நெடுங்காலமாக இதற்குக் கொழும்பு சேர் மொஹமட் மாக்கான் மாக்கார் மாவத்தையில் உள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷனுக்கே போனார்கள். (எமது பெரியார் ஒருவரின் பெயரைத் தாங்கிய வீதி என்பதால் எனக்கு அந்த முகவரி மறப்பதில்லை.) 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் வழங்கும் கருமபீடம் திறக்கப்பட்டது. நல்ல விடயம். ஆனால் கையில் ஓர் அட்டை இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அது எந்த வகை வாகனத்துக்கு என்று வாசித்துப் பார்த்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். உரிய லைசன்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் அவர் தன் நாட்டில் எடுத்து வந்த பயணக் காப்புறுதியும் பெரும்பாலும் பணம் தராது.

இவ்வளவும் சொல்வது பொலிஸ் தண்டப் பணத்துக்குப் பயந்தல்ல. எல்ல–வெல்லவாய வீதி எப்படிப்பட்டது என்பதை 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தபோது நாடே பார்த்தது. பழக்கமுள்ள சாரதிகளையே ஏமாற்றும் வளைவுகள் இவை. மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு நடந்து போகும் பெண்கள் இதே வீதி ஓரங்களில்தான் போகிறார்கள். பாடசாலைப் பிள்ளைகளும் அப்படியே. அவர்களில் ஒருவர் மீது, வலது பக்கம் ஓட்டிப் பழகிய ஒருவர் மோதிவிட்டால் என்னவாகும்? ஓட்டியவர் நாடு திரும்பிவிடுவார். கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டும். நாட்சம்பளத்தில் வாழும் அந்தக் குடும்பம் நீதிமன்றப் படியேறி எத்தனை வருடம் தாக்குப்பிடிக்கும்?

விற்பதானால் உரிமை மாற்றத்தை முடித்து விற்க வேண்டும். குறுகிய கால விசாவில் வந்தவர் முகவரிச் சான்று தேடித் திணைக்களத்துக்கு அலைய மாட்டார் என்பது தெரிந்ததே. அப்படியானால் அவருக்கு விற்காமல் மாத வாடகைக்குக் கொடுங்கள். நீண்ட நாட்களுக்கு வாடகையைக் குறைத்துக் கொடுத்தாலும் எமக்கு நட்டமில்லை. வண்டி எமது, பதிவு எமது, வாடகைப் பாவனைக்கு உரிய காப்புறுதியும் எமது பெயரில். அதற்கான கட்டுப்பணம் கூடுதல்தான். அந்த மேலதிகத் தொகையை வாடகையில் சேர்த்தால் நாளொன்றுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் பார்த்தபின் பேசுங்கள். தனித்தனியாகப் போய்க் கேட்டால் கம்பெனிக்காரர் தம் விலையைத்தான் சொல்வார். பண்டாரவளையிலும் எல்லவிலும் வாடகைக்கு விடும் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகப் போனால், ஐம்பது அறுபது வண்டிகளுக்கு ஒரே தடவையில் விலை பேசலாம். அடுத்த சீசன் டிசம்பரில் தொடங்குமுன் இதைச் செய்வதற்கு யாராவது முன்வந்தால் என் கடையிலேயே கூடிப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்கு வசதி.